முதலிடம் வாங்கிய ஊர்களில் நாம் பார்த்தது

மஞ்சக்குப்பம் வாசி:

வாழத் தகுந்த நகரங்கள் என்று வருஷா வருஷம் ஒரு பட்டியல் வருமே, எக்கனாமிஸ்ட் குழுமத்தின் ஆய்வுப் பிரிவு 173 நகரங்களுக்கு மார்க் போட்டு வெளியிடுவது, அதில் 2022ல் இருந்து 2024 வரை வியன்னாதான் முதலிடம். 2025ல் கோபன்ஹேகன் முந்திக்கொண்டது. இப்படிப் பேர் வாங்கின ஊர்களில் இருந்தவர்கள் பார்த்ததை எழுதுங்கள். முதலில் நான் வியன்னாவைச் சொல்லிவிடுகிறேன்.

மகள் அங்கே வேலையில் இருப்பதால் நானும் வீட்டுக்காரம்மாவும் போயிருந்தோம். மெட்ரோ ஸ்டேஷனில் டிக்கெட்டைக் காட்டினால்தான் திறக்கும் கதவெல்லாம் கிடையாது, நேராக உள்ளே நடந்து போகலாம். வருஷப் பாஸ் 365 யூரோ என்று 2012ல் வைத்து, பல வருஷம் விலையேற்றாமலே ஓட்டியிருக்கிறார்கள். குழாயில் வருவது மலை ஊற்றுத் தண்ணீர், 1873லேயே ஆல்ப்ஸ் பக்கத்தில் இருந்து கொண்டுவந்தது, அப்படியே பிடித்துக் குடிக்கலாம். எல்லாம் சரி, ஆனால் நான் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தது டான்யூப் தீவைத்தான். ஆற்றை ஒட்டியே 21 கிலோமீட்டருக்கு இன்னொரு வாய்க்கால் வெட்டி, வெட்டின மண்ணை நடுவில் கொட்டித் தீவாக்கியிருக்கிறார்கள், 1972ல் ஆரம்பித்து 1988 வரை நடந்த வேலை. வெள்ளமில்லாத நாளில் வாய்க்காலின் மதகை அடைத்து வைத்திருப்பதால் தண்ணீர் அசையாமல் கிடக்கிறது, பிள்ளைகள் நீந்துகிறார்கள். வெள்ளம் வந்தால் மதகைத் திறந்து உபரியை அதில் தள்ளிவிடுகிறார்கள். 2024 செப்டம்பர் பெருமழையில் வியன் என்கிற சின்ன ஆறு பொங்கி மெட்ரோவே சில நாள் தடைப்பட்டது, ஆனால் டான்யூப் ஊரை மூழ்கடிக்கவில்லை.

அதே வருஷம் டிசம்பரில் நம்ம கடலூருக்கு என்ன ஆனது? ஃபெஞ்சல் புயல் மழைக்கு அப்புறம் சாத்தனூர் அணையில் இருந்து லட்சம் கனஅடிக்கு மேல் திறந்து, தென்பெண்ணை கரைகொள்ளாமல் வந்து, குண்டு உப்பலவாடி, நாணமேடு பக்கமெல்லாம் வீட்டுக்குள் புகுந்துவிட்டது. எங்கள் சின்னம்மா வீட்டில் ஃப்ரிட்ஜ் மிதந்தது, தண்ணீர் வடிந்தபின் பார்த்தால் சேற்றுக் கோடு சாமி படத்துக்குக் கொஞ்சம் கீழே நிற்கிறது. தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு எல்லாம் கடலில் சேருகிற ஊர் இது. ஆறு பெருகினால் அது போய்ச் சேர ஓர் இடத்தை நாமும் இப்போதே ஒதுக்கி வைக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

லாஸ்பேட்டை அக்கா:

அண்ணா, நான் பார்த்தது மெல்போர்ன். 2011ல் இருந்து 2017 வரை ஏழு வருஷம் தொடர்ந்து முதலிடத்தில் இருந்த ஊர். நகர மையத்தில் டிராம் இலவசம், உண்மைதான். ஆனால் தம்பி வீடு இருக்கிற பக்கம் டிராமும் கிடையாது ஒன்றும் கிடையாது, கார் எடுக்காமல் பால் வாங்கக்கூடப் போக முடியாது, மையத்தில் குடியிருக்கலாமென்றால் வாடகை கட்டி மாளாது.

ஒன்று மட்டும் மனதார மெச்சுவேன். தம்பி மனைவிக்கு அரசு ஆஸ்பத்திரியில் செக்கப், அவளுக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. நர்ஸ் ஒரு நம்பரைச் சுழற்றி ஸ்பீக்கரில் போட்டார், அந்தப் பக்கம் ஒரு அம்மா தமிழில், "சொல்லுங்கம்மா, எந்த இடத்தில் வலிக்குது"ன்னு கேட்டதும் இவள் முகம் மாறியதைப் பார்க்கணுமே! காசு எதுவும் வாங்கவில்லை. நம்ம புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு எங்கெங்கிருந்தோ ஜனங்கள் விடியுமுன்னே பஸ் பிடித்து வருகிறார்கள், அந்த நம்பிக்கைக்கு எந்தப் பட்டியலில் மார்க் என்று எனக்குத் தெரியவில்லை.

குறிஞ்சிப்பாடி தம்பி:

அக்கா, நான் சிங்கப்பூரில் கட்டட வேலை செய்தவன். சாங்கி ஏர்போர்ட்டுக்கு 2013ல் இருந்து 2020 வரை விடாமல் உலகின் சிறந்த விமான நிலையம் என்கிற ஸ்கைட்ராக்ஸ் விருது கிடைத்தது, அந்த வழியாகத்தான் நானும் போனேன், வந்தேன். ஊர் சுத்தம், பஸ் சொன்ன நேரத்துக்கு வரும், ராத்திரி எந்த நேரத்திலும் பயமில்லாமல் நடக்கலாம், இதையெல்லாம் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் வேலைக்கு எங்களை ஏற்றிப்போனது லாரியின் பின்தட்டில். மேலே கூரை உண்டு, பக்கவாட்டில் பலகை, அவ்வளவுதான், சீட் பெல்ட் என்ற பேச்சுக்கே இடமில்லை. மழை அடித்தால் ஓரத்தில் உட்கார்ந்தவன் நனைந்துகொண்டே போவான், அவனுக்கு உள்ளே இடம் கொடுக்க நாங்கள் இன்னும் நெருக்கி உட்காருவோம். பக்கத்துப் பாதையில் போகிற ஏசி பஸ்ஸில் இருக்கிறவர்கள் எங்களைப் பார்ப்பார்கள். அண்ணா சொன்ன பட்டியலே, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற கம்பெனிகள் சிரமமான ஊரில் இருப்பதற்கான கூடுதல் படியை எந்த ஊருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று முடிவு செய்யவும் உதவுகிறதாம். அந்தப் படி வாங்குகிற ஆள் வேறு, நாங்கள் வேறு. பாதுகாப்பு, மருத்துவம், கலாசாரம், கல்வி, கட்டமைப்பு என்று ஐந்து தலைப்பில் மார்க் போடுகிறார்களே, அந்த ஊரைக் கட்டுகிறவன் காலையில் எதில் ஏறி வேலைக்குப் போகிறான் என்பதையும் கேட்டு மார்க் போடட்டும். இங்கே துபாய், கத்தார் பக்கம் இருந்தவர்கள் யாராவது இருந்தால் உங்கள் வண்டி எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.