எல்டிஓ-6 டேப்: இரண்டாவது கல்யாணத்தை எழுதினால் முதலாவது காணாமல் போகிறது

நாகர்கோவில் ஸ்டுடியோ:
வணக்கம். கல்யாண வீடியோ, போட்டோ எடுக்கிற சிறிய ஸ்டுடியோ எங்களுடையது. ஹார்ட் டிஸ்க்குகளில் குவிந்து கிடக்கும் பழைய வேலைகளை டேப்பில் ஏற்றலாம் என்று, ஏற்கெனவே ஓடிய எல்டிஓ-6 டிரைவ் (கணினி டேட்டாவை காந்த டேப் கேசட்டில் எழுதும் கருவி) ஒன்று வாங்கினேன். வெளியே வைக்கிற, சாஸ் (சேமிப்புக் கருவிகளைக் கணினியோடு இணைக்கும் ஒரு முறை) வகை டிரைவ். எல்எஸ்ஐ 9207-8இ கார்டு வழியாக உபுண்டு கணினியில் இணைத்தாயிற்று, டிரைவும் தெரிகிறது. ஒரு கல்யாணத்தை டார் (பல கோப்புகளை ஒன்றாகக் கட்டும் கட்டளை) போட்டு எழுதிவிட்டு அடுத்ததை எழுதினால், டேப்பில் இரண்டாவது மட்டும்தான் இருக்கிறது. அப்புறம், எழுதும்போது டேப் நின்று, பின்னால் போய், மறுபடி ஓடுகிறது. டிரைவ் கெட்டுப்போனதா? மூலக் கோப்புகள் எல்லாம் யூஎஸ்பி டிஸ்க்கில் இருக்கின்றன.

சர்வர் ரூம்:
டிரைவ் நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. கணினி டிரைவுக்குத் தரும் பெயர்களில், நீங்கள் ‘எஸ்டி0’ என்ற பெயரில் எழுதுகிறீர்கள். வேலை முடிந்ததும் டேப்பை ஆரம்பத்துக்குச் சுற்றிவிடுவது அதன் குணம். அதனால் அடுத்த டார் முதலாவதின் மேலேயே விழுகிறது. ‘என்எஸ்டி0’ என்று கொடுங்கள், டேப் நின்ற இடத்திலேயே நிற்கும். எழுதுவதற்கு முன், டேப்பை நகர்த்தும் எம்டி கட்டளையில் ‘இஓடி’ கொடுத்து, எழுதிய பகுதியின் கடைசிக்குப் போய்விடுங்கள்.

நீங்கள் சொன்ன இரண்டாவது விஷயம், டேப் நின்று பின்னால் போவது, அதுதான் முக்கியம். எல்டிஓ-6 நொடிக்கு 160 எம்பி வரை எழுதும். டேட்டா மெதுவாக வந்தால் டிரைவ் ஓரளவு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் கீழே போனால் டேப்பை நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி கிளப்ப வேண்டும். டேப்பும் ஹெட்டும் (டேப்பில் எழுதும், படிக்கும் முனை) வீணாகத் தேய்வது இதனால்தான். ஆயிரக்கணக்கான சின்ன போட்டோக்களை யூஎஸ்பி டிஸ்க்கிலிருந்து நேராக அனுப்பினால் இப்படித்தான் ஆகும். முதலில் எஸ்எஸ்டிக்கு நகல் எடுங்கள். நடுவில் எம்பஃபர் (டேட்டாவை ராமில் சேர்த்துவைத்து சீராக அனுப்பும் நிரல்) போட்டு, 8 ஜிபி ராம் கொடுத்து, 90 சதவீதம் நிரம்பிய பிறகே டேப்புக்கு விடச் சொல்லுங்கள். டாரில் பிளாக் அளவு, அதாவது ஒரு தடவை எழுதும் துண்டின் அளவு, 512 கொடுத்தால் (512 பைட் கொண்ட 512 அலகுகள்) 256 கேபியாக எழுதும். படிக்கும்போதும் அதே அளவு வேண்டும், டேப் உறையில் எழுதி வையுங்கள்.

உறையில் 6.25 டிபி என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள், அது டேட்டா சுருங்கினால் கொள்ளும் அளவு. வீடியோவும் ஜேபெக்கும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை, மேலும் சுருங்காது. 2.5 டிபி என்றே கணக்குப் போடுங்கள்.

எழுதி முடித்ததும் டேப்பை முழுக்கப் படித்து, டாரின் ஒப்பிடும் வசதியால் மூலத்தோடு சரிபார்க்காமல் எந்த டிஸ்க்கையும் அழிக்காதீர்கள், தயவுசெய்து. இரண்டு டேப்பில் எழுதி, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். 2011 பிப்ரவரியில் ஒரு மென்பொருள் பிழையால் சில ஜிமெயில் கணக்குகள் காலியானபோது, கூகுள் அந்த மெயில்களை மீட்டது டேப்பிலிருந்துதான்.

எடிட் டேபிள்:
ஸ்டுடியோவுக்கு எல்டிஎஃப்எஸ் (டேப்பில் கோப்புகளை டிஸ்க் போல வைக்கும் முறை) சௌகரியம் அண்ணா. டேப்பில் ஒரு பகுதியில் அட்டவணை, மறுபகுதியில் கோப்புகள். பென்டிரைவ் மாதிரி திறந்து, மாப்பிள்ளை அழைப்பு கிளிப்பை மட்டும் எடுக்கலாம். கோப்பை அழித்தால் இடம் மட்டும் திரும்பக் கிடைக்காது.

சர்வர் ரூம்:
நல்ல யோசனைதான். பெரிய வீடியோ கோப்புகளுக்கு அதையே வைத்துக்கொள்ளலாம். போட்டோக்களை மட்டும் கல்யாணத்துக்கு ஒரு டார் கோப்பாகக் கட்டி உள்ளே போடுங்கள்.

நாகர்கோவில் ஸ்டுடியோ:
என்எஸ்டி0 கொடுத்ததும் இரண்டும் டேப்பில் நிற்கின்றன. எஸ்எஸ்டியிலிருந்து ஓட்டினால் ஒரே சீராகப் போகிறது. மிக்க நன்றி அண்ணா. இங்கே கடல் காற்று. பழைய விஹெச்எஸ் கேசட்டுகளில் பூஞ்சை பிடித்துவிட்டது. டேப்புக்கும் வருமா? கிளீனிங் டேப்பை வாரம் ஒருமுறை போடலாமா?

சர்வர் ரூம்:
ஈரம் எந்த டேப்புக்கும் ஆகாது. பிளாஸ்டிக் உறையோடு, மூடிய டப்பாவில், சிலிக்கா ஜெல் போட்டு நிமிர்த்தி வையுங்கள். ஏசி அறையிலிருந்து எடுத்தால் உடனே டிரைவில் போட வேண்டாம், ஒரு நாள் விடுங்கள். கிளீனிங் டேப் ஹெட்டை உரசித்தான் சுத்தம் செய்கிறது. டிரைவ் கேட்டால் மட்டும் போதும். இன்னொன்று: அடுத்த டிரைவ் எல்டிஓ-7 வரை வாங்கலாம். எல்டிஓ-8 இந்த டேப்புகளைப் படிக்காது.