உதவி: 7 அடி தோண்டியும் ஒரு முழு பாட்டில்கூட இல்லை. தொடரலாமா?

ஈரமண் (சனி, மாலை 4.10)
அவசரமாகக் கேட்கிறேன். நண்பர் வீட்டுக் கொல்லையில் பழைய கழிப்பறைக் குழி ஒன்றைக் கண்டுபிடித்து, அந்தக் காலத்தில் அதில் எறிந்த பாட்டில்களைத் தேடி நாங்கள் நான்கு பேர் காலையிலிருந்து தோண்டுகிறோம். 7 அடி போய்விட்டோம். உடைந்த செங்கலும் சாம்பலும்தான் வருகின்றன. நாளை மாலைக்குள் மூடித் தருவதாக வீட்டுக்காரருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோம். தொடரலாமா, விட்டுவிடலாமா? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

சீசாக்காரன்
எந்த ஊர்? வீடு எந்தக் காலத்தது? குழி வட்டமா, சதுரமா? செங்கல் சுவரா, பலகை அடைப்பா? எதையும் சொல்லாமல் தொடரலாமா என்று கேட்டால் யாரால் பதில் சொல்ல முடியும்?

கிணற்றடி
அது கழிப்பறைக் குழியே இல்லை, மழைநீர்த் தொட்டி. பால்டிமோரில் நாங்கள் இரண்டு நாள் இப்படித்தான் ஏமாந்தோம். சாம்பல், செங்கல், கடைசியில் வழவழவென்று பூசிய தரை. உள்சுவரில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவிப் பாருங்கள். பூச்சு தெரிந்தால் தொட்டி. மூடிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

மேட்டுத்தெரு
இதை இந்த ஆண்டில் எத்தனை முறை எழுதிவிட்டேன்! புதிதாக வருகிறவர்கள் பழைய இழைகளைப் படிப்பதே இல்லை. மண்ணைப் படிக்கத் தெரியாதவர்கள் மண்வெட்டியைத் தொடக்கூடாது. மேலே தோட்ட மண். அதற்குக் கீழே, குழியைக் கைவிட்டபோது கொட்டி நிரப்பிய சாம்பலும் இடிபாடும். அதற்கும் கீழேதான் குழி புழக்கத்தில் இருந்த காலத்து அடுக்கு. கரும்பழுப்பாக, பிசுபிசுப்பாக, பழ விதைகள் மண்டிக் கிடக்கும். பாட்டில்கள் பெரும்பாலும் அங்கேதான். விதை வந்ததா, இல்லையா? அதைக்கூட நீங்கள் எழுதவில்லை.

ஈரமண் (5.25)
மன்னியுங்கள், மண் கையோடு கைபேசியில் எழுதியது. ஊர் பிலடெல்பியா. வரிசை வீடு, 1850களில் கட்டியது என்கிறார்கள். வட்டக் குழி, குறுக்களவு 4 அடி இருக்கும். செங்கற்களுக்கு இடையே சாந்து இல்லை. தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம், பூச்சும் இல்லை. விதை எதுவும் கண்ணில் படவில்லை. 5 அடியில் ஒரு பாட்டில் கழுத்துத் துண்டு மட்டும் வந்தது. நெரித்துப் பிடித்ததுபோல் இருக்கிறது. நம் ஊர் கோலி சோடா பாட்டிலைப் போலவே!

தாமிரபரணி
கோலி சோடாவேதான். ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872இல் காப்புரிமை பெற்ற வடிவம் அது. நம் ஊருக்கு வந்ததுபோல் அமெரிக்காவுக்கும் போயிருக்கும்.

சீசாக்காரன்
அமெரிக்காவில் அது அரிது. இங்கே பரவலாக இருந்தது 1879இல் காப்புரிமை பெற்ற ஹட்சின்சன் அடைப்பான். கம்பி வளையமும் ரப்பர் வட்டும் உண்டு, கோலி கிடையாது. துண்டைப் பார்க்காமல் முடிவு கட்டாதீர்கள்.

தாமிரபரணி
என் தாத்தா சோடாக் கடை வைத்திருந்தார். கோலியைக் கட்டைவிரலால் அழுத்தி இறக்கிய பிறகு அது கழுத்துக் குழிவில் வந்து இடிக்கும் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. கோலி சோடா கழுத்து எப்படி இருக்கும் என்று எனக்குச் சொல்லித் தர வேண்டாம்.

மேட்டுத்தெரு
இழை கோலி சோடாவைப் பற்றியது அல்ல. இருவரும் தனி இழை தொடங்கிக்கொள்ளுங்கள்.

கரைகட்டி
எல்லோரும் பாட்டிலைப் பற்றியே பேசுகிறீர்களே, குழிக்குள் இப்போது யார் நிற்கிறார்? கட்டுமானத்தில் இருப்பவன் என்பதால் கேட்கிறேன். சாந்தில்லாத செங்கல் வளையத்துக்கு இத்தனை காலம் முட்டுக் கொடுத்தது உள்ளே இருந்த மண்தான். அதை நீங்கள் அள்ளிவிட்டீர்கள். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன் எடை இருக்கும். இந்த நாட்டில் வேலைத்தளங்களில் 5 அடியைத் தாண்டிய பள்ளத்துக்கு முட்டுக் கட்டாயம். என் நண்பர் ஒருவர் இடுப்பளவு மண்ணில் சிக்கினார். நாங்கள் மூன்று பேர் இழுத்தும் அசைக்க முடியவில்லை. தீயணைப்புப் படை வந்து வெளியே எடுத்தது. அவர் கால் இன்றுவரை சரியாகவில்லை. முதலில் மேலே ஏறுங்கள். அள்ளிய மண்ணை விளிம்பிலிருந்து தள்ளிப் போடுங்கள். சுவர் எங்காவது உப்பியிருந்தால் திரும்ப இறங்கவே வேண்டாம். 811க்கு அழைத்துக் குழாய், கம்பி இருக்கும் இடங்களைக் கேட்டீர்களா?

ஈரமண் (6.40)
ஏறிவிட்டோம். மண் விளிம்பில்தான் குவிந்திருந்தது, தள்ளிவிட்டோம். சுவர் உப்பவில்லை. 811க்குப் போன வாரமே சொல்லி, வந்து குறி போட்டுவிட்டுப் போனார்கள். இன்னொன்று, முக்கியமில்லை என்று விட்டுவிட்டேன்: 6 அடியில் ஒரு சின்ன அலுமினிய வளையம் வந்தது. பழைய பீர் டின்களில் இழுத்துத் திறப்பார்களே, அது.

சீசாக்காரன்
முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டியது இதுதான்! அந்த வளையம் புழக்கத்துக்கு வந்ததே 1960களில். அது 6 அடியில் கிடக்கிறது என்றால், உங்களுக்கு முன்பே யாரோ தோண்டி, எடுப்பதை எடுத்துக்கொண்டு, மண்ணைத் திரும்பக் கொட்டி மூடியிருக்கிறார்கள்.

கிணற்றடி
இன்று காலை மேலிருந்து விழுந்திருக்கலாமே? நான் இன்னும் தொட்டி என்றுதான் சொல்வேன்.

சீசாக்காரன்
விழுந்திருக்கலாம், சோதித்துவிடலாம். பூச்சில்லாத தொட்டியில் தண்ணீர் எப்படி நிற்கும்? எஃகுக் கம்பியைக் குழியின் நடுவிலும் சுவர் ஓரத்திலும் குத்திப் பாருங்கள். நடுவில் தடையில்லாமல் இறங்கி, ஓரத்தில் இறுகிப் பிடித்தால் முன்பு வந்தவர்கள் நடுவை மட்டும் அள்ளியிருக்கிறார்கள். அந்த ஓரம் உங்களுக்கு மிச்சம். மண்வெட்டி வேண்டாம், கரணையால் சுரண்டுங்கள்.

ஓட்டுத்துண்டு
உடைந்தவற்றையும் தூக்கி எறியாதீர்கள், எத்தனை அடியில் வந்தது என்று எழுதிவையுங்கள். 2014இல் உங்கள் ஊரிலேயே, அமெரிக்கப் புரட்சி அருங்காட்சியகம் எழும்பிய இடத்தில், இதுபோன்ற ஒரு குழியில் கிடைத்த துண்டுகளைத்தான் ஒட்டிச் சேர்த்தார்கள். கப்பல் படமும், அந்தக் கப்பலின் பெயரோடு ‘ட்ரைஃபீனாவுக்கு வெற்றி’ என்ற வாசகமும் கொண்ட கிண்ணமாக அது எழுந்தது. முழு பாட்டில் மட்டும் வேண்டும் என்று வருகிறவர்களால் அப்படிப்பட்ட எத்தனை கிண்ணங்கள் போயினவோ!

மேட்டுத்தெரு
அகழாய்வுப் பாடத்தை இங்கே நடத்த வேண்டாம். நண்பர் வீட்டுக் கொல்லை, அவர்கள் விருப்பம்.

ஓட்டுத்துண்டு
மண்ணைப் படி என்று சொன்னவரே நீங்கள்தான். படித்ததை எழுதிவைத்தால் என்ன குறைந்துவிடும்?

ஈரமண் (ஞாயிறு, மாலை 5.50)
ஓரம்தான். பலகை முட்டுக் கொடுத்து, ஒருவர் மட்டும் ஏணியோடு இறங்கினார். வடக்குச் சுவரை ஒட்டிக் கைப்பிடி அளவு கரிய மண், அதில் விதைகள். அதற்குள் ஒரு மருந்து பாட்டில், இளநீலப் பச்சை, உடையாமல்! அடியில் வட்டமாகச் சொரசொரப்பு, நகம் மாட்டுகிறது. பக்கவாட்டில் ஏதோ எழுத்துகள் இருக்கின்றன. குழியை மூடிவிட்டோம். எல்லோருக்கும் நன்றி.

சீசாக்காரன்
அந்தச் சொரசொரப்பு, ஊதிய பாட்டிலைப் பிடித்திருந்த இரும்புக் கோலை உடைத்து எடுத்த தழும்பு. அந்த வீட்டின் வயதுக்குப் பொருந்துகிறது. வெந்நீரில் கழுவிவிடாதீர்கள், கண்ணாடி விரியும். என்ன எழுத்துகள் என்று சொல்லுங்கள்.

தாமிரபரணி
அந்தக் கழுத்துத் துண்டின் படமும் வேண்டும்.

சீசாக்காரன் (புதன்)
ஈரமண், எழுத்துகள்?