பேர்லாண்ட் (ஹூஸ்டன் பக்கம்) – மதுரை குடும்பக் குழு: மூலைக்கடை திறக்கிறது

கார்த்தி: மூலைக்கடையில் விளக்கு எரிகிறது!!!

கார்த்தி: 📷 போட்டோ

நந்தினி: நிஜமாவா

சித்தி: எது, மெக்சிகோ கடையா?

கார்த்தி: ஆமாம் சித்தி. வியாழக்கிழமை முதல் என்று கதவில் ஒட்டியிருக்கிறார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன், டோர்ட்டியா மெஷின், அதான் அவர்கள் சப்பாத்தி போடுகிற மெஷின், பழைய இடத்திலேயே இருக்கிறது.

ஷ்ரேயா: அதிலிருந்து உப்பிக்கொண்டு விழுமே, அந்தச் சூட்டோடு வெண்ணெய் தடவி எனக்கு நாலு

பெரியப்பா: அனைவருக்கும் வணக்கம். நல்ல செய்தி. 2024 ஜூலை 8 பெரில் புயலில் கூரை போன கடை அது. அன்று ஹூஸ்டன் வட்டாரத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் இல்லை. நம் வீட்டு இட்லி மாவு பொங்கி ஃபிரிட்ஜெல்லாம் வழிந்தது நினைவிருக்கும். இவர்கள் செய்வது டெக்ஸ்-மெக்ஸ், அதாவது டெக்சாஸ் பாணி மெக்சிகோ சமையல். மஞ்சள் சீஸும் தூக்கலான சீரகமும் டெக்சாஸ் பழக்கம். சீரகம் இருப்பதால்தான் நம் நாக்குக்கு உடனே பிடித்துப்போகிறது. ஹூஸ்டனில் இந்தச் சாப்பாட்டுக்குப் பெயர் வாங்கித் தந்தவர் நின்ஃபா லொரென்சோ. கணவர் இறந்த பிறகு, டோர்ட்டியா ஆலை நொடித்துப்போகிற நிலையில், 1973இல் அதன் முன்பக்கத்தில் பத்து மேசை போட்டு ஆரம்பித்தார். சுட்ட இறைச்சிக் கீற்றை டோர்ட்டியாவில் வைத்துச் சாப்பிடும் ஃபஹீட்டா இந்த ஊரில் பிரபலமானது அவரால்தான். (தொடரும்)

கார்த்தி: அப்பா தொடர வேண்டாம்

பெரியம்மா: தொடருவார்

மதுரை அத்தை: யாருக்கு என்ன ஆச்சு? இங்கே இன்னும் விடியவே இல்லை, போன் அதிர்ந்துகொண்டே இருக்கிறது

சித்தி: ஒன்றுமில்லை அண்ணி, ஹோட்டல் திறக்கிறார்கள்

மதுரை அத்தை: ஹோட்டலுக்கா இத்தனை. பாலை அடுப்பில் விட்டுவிட்டு ஓடி வந்தேன்

கார்த்தி: அத்தை, நீங்கள் வந்து இறங்குகிற வாரம் சனிக்கிழமை ராத்திரி எல்லோரும் அங்கேயே சாப்பிடலாமா? அம்மாவுக்கும் சமையல் மிச்சம்.

பெரியம்மா: பீன்ஸில் பன்றிக் கொழுப்பு இல்லையென்றால் சரி. எத்தனை வருஷம் சைவம் என்று நினைத்து ருசித்துச் சாப்பிட்டேன். ஆராய்ச்சி பண்ணிச் சொன்னார் மனிதர். சொல்லாமலே இருந்திருக்கலாம்.

பெரியப்பா: சொல்வது என் கடமை. மசித்த பீன்ஸை மான்டேகா போட்டுத்தான் பலர் தாளிக்கிறார்கள், அது பன்றிக் கொழுப்பு. அரிசியைக் கோழி வேகவைத்த தண்ணீரில் வேகவைப்பார்கள். டோர்ட்டியாவுக்குள் சீஸ் வைத்துச் சுருட்டிய சீஸ் எஞ்சிலாடா சைவம் மாதிரித் தெரியும். ஆனால் மேலே ஊற்றும் குழம்பு டெக்சாஸில் பெரும்பாலும் மாட்டிறைச்சி போட்டது. ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். பயப்படாமல் சாப்பிட நொப்பாலெஸ் டாக்கோ உண்டு. நம்மூர் வேலியோரத்துச் சப்பாத்திக்கள்ளிதான், முள்ளைச் சீவி, கீற்றாக நறுக்கி, வெங்காயத்தோடு வதக்குவார்கள். வெண்டைக்காய் போலக் கொஞ்சம் கொழகொழப்பாக இருக்கும்.

மதுரை அத்தை: கள்ளியைத் தின்னவா அண்ணே நான் அவ்வளவு தூரம் பிளேன் ஏறி வருகிறேன்

ஷ்ரேயா: 😂😂😂

சித்தி: அது இருக்கட்டும் அண்ணி, வரும்போது 5 லிட்டர் குக்கருக்கு ஒரு கேஸ்கெட்

பெரியம்மா: எனக்கு 3 லிட்டர்

மதுரை அத்தை: எந்த கம்பெனி குக்கர்? மூடி உள்ளே போகிறதா வெளியே உட்காருகிறதா?

நந்தினி: கடை கைமாறிவிட்டது என்று பள்ளிக்கூட வாசலில் பேசிக்கொண்டார்கள். விலையெல்லாம் ஏற்றிவிட்டார்களாம்

கார்த்தி: இல்லை. இப்போதுதான் போன் செய்தேன். கடைக்காரப் பாட்டியின் பேத்தி எடுத்து நடத்துகிறாள். பாட்டி காலையில் மட்டும் வந்து, மக்காச்சோள மட்டையில் மாவை வைத்துத் தமாலே கட்டுகிறாராம். விலை ஏறித்தான் இருக்கிறது. சிப்ஸும் சல்சாவும் பழையபடி இலவசம்.

சித்தி: அப்பாடா

நந்தினி: சிப்ஸ் என்றதும் நினைவு வருகிறது, போன தடவை மாதிரி ஆகக் கூடாது

ஷ்ரேயா: போன தடவை என்ன ஆச்சு?

கார்த்தி: ஒன்றுமில்லை

மதுரை அத்தை: கிணற்றுப் பங்குதானே, குழந்தையிடம் மறைக்க என்ன இருக்கிறது. சிப்ஸைக் கொண்டுவந்து வைத்ததுமே அண்ணனும் தம்பியும் சண்டையை ஆரம்பித்துவிட்டார்களாம்.

சித்தப்பா: அக்கா, சிப்ஸ் தீர்ந்த பிறகு.

ஷ்ரேயா: சித்தப்பா தாத்தா ஆன்லைனில் இருக்கிறாரா!!

பெரியப்பா: அன்றைய பில்லில் பாதி தருகிறேன் என்று அன்றே சொன்னேன்.

சித்தப்பா: பில்லைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லை.

பெரியம்மா: ஏங்க

பெரியப்பா: சரி. ஒரு தகவல். டோர்ட்டியாவுக்கு மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ராத்திரி முழுக்க ஊறவிட்டு, தோலைக் கழுவித்தான் மாவாக அரைப்பார்கள். அப்படிச் செய்தால்தான் அதிலுள்ள நியாசின் சத்து உடம்பில் ஒட்டும். இது தெரியாமல் மக்காச்சோளத்தை மட்டும் கொண்டுபோய்த் தின்ற நாடுகளில், அந்தச் சத்துக் குறைந்து பெல்லாக்ரா நோய் வந்தது.

மதுரை அத்தை: அண்ணனுக்குப் பேச்சை மாற்றத் தெரியாதா என்ன

கார்த்தி: சனிக்கிழமைக்கு எத்தனை பேர்? கணக்குச் சொன்னால்தான் நீள மேசை தருவார்கள்.

நந்தினி: நாங்கள் மூன்று

பெரியம்மா: நாங்கள் இரண்டு, அத்தை ஒன்று

சித்தி: நான் வருகிறேன்

கார்த்தி: சித்தப்பா?

சித்தி: டைப் பண்ணிக்கொண்டே இருக்கிறார்

சித்தப்பா: சனிக்கிழமை ஒரு வேலை இருக்கும் போல. பார்க்கிறேன்.

மதுரை அத்தை: தம்பி, நீ என்னை ஏர்போர்ட்டில் கூப்பிட வருகிறாய்தானே, காரில் பேசிக்கொள்ளலாம்

பெரியப்பா: ஏர்போர்ட்டுக்கு நான்தான் போகிறேன்.

சித்தப்பா: அக்கா என்னிடம்தான் சொன்னாள்.

கார்த்தி: எட்டு என்று சொல்லிவைக்கிறேன். முதல் நாள் வரை மாற்றலாமாம்.

பெரியம்மா: அரிசியில் கோழி உண்டா என்று கேட்டாயா?

கார்த்தி: இல்லை

பெரியம்மா: கேள்

மதுரை அத்தை: குக்கர் மூடியைப் படம் எடுத்துப் போடுங்கள், கடை திறந்ததும் போய்ப் பார்க்கிறேன்