கெட்டமின் சிகிச்சையின்போது சத்து மாத்திரைகள்: விவரமறிந்தோரின் உதவி வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். நான் வெள்ளவத்தையில் வசிக்கிறேன். ரொறன்ரோவிலுள்ள என் அக்கா, வேறு மருந்துகளால் தணியாத மனச்சோர்வுக்காக, மருத்துவரின் கண்காணிப்பில் கெட்டமின் என்னும் மயக்க மருந்தை வாய்வழியாக எடுக்கத் தொடங்கியிருக்கிறார். அவருக்கு அனுப்புவதற்கென அம்மா அமுக்கராச் சூரணமும் அதிமதுரமும் பொதி கட்டி வைத்திருக்க, அக்காவோ மக்னீசியமும் செயின்ட் ஜோன்ஸ் வோர்ட் என்னும் மூலிகை மாத்திரையும் ஏற்கெனவே உட்கொண்டு வருகிறார்.

கெட்டமினைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளை செயின்ட் ஜோன்ஸ் வோர்ட் தூண்டுவதால், இரத்தத்தில் மருந்தின் அளவு குறைந்துவிடும் என வாசித்தேன். கெட்டமினும் இரத்த அழுத்தத்தை உயர்த்தும், அதிமதுரமும் உயர்த்தும். அமுக்கரா தூக்கக் கலக்கத்தைக் கூட்டக்கூடியது. அரிதாகக் கல்லீரலையும் பாதித்திருக்கிறது. ஆகவே பொதியை நிறுத்தி வைத்துள்ளேன். அம்மாவுக்கு மனவருத்தந்தான்.

என்னை அதிகம் கலங்க வைப்பது, இவை வெறும் சத்து மாத்திரைகள்தானே என்று அக்கா தன் மருத்துவரிடம் எதையும் சொல்லாதிருப்பதே. இச்சிகிச்சை பெற்றவர்களோ மருந்தாளர்களோ இங்கிருந்தால், மருத்துவரிடம் கொடுக்கும் பட்டியலில் எவ்விவரங்கள் இருக்க வேண்டும் என்பதையும், கெட்டமின் செயற்படும் அதே மூளை ஏற்பியைத் தொடும் மக்னீசியத்தைப் பற்றி உங்களுக்கு என்ன அறிவுறுத்தப்பட்டது என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள்.