புதுப்பிப்பு: கரகரத்த பழைய சிற்றலை ரேடியோ

பேண்ட் சுவிட்சைத் (அலைவரிசைத் தொகுதியை மாற்றும் சுவிட்ச்) தொட்டாலே கரகரக்கும், ஒலி திடீரென்று அமுங்கிவிடும் என்று என் பழைய கைரேடியோவைப் பற்றிக் கேட்டிருந்தேன் அல்லவா? கெப்பாசிட்டர்களை மாற்று என்றனர் பாதிப் பேர், புதுசு வாங்கு என்றனர் மீதிப் பேர். இரண்டுமே தேவைப்படவில்லை. சுவிட்சுக்குள் காண்டாக்ட் கிளீனர் (மின்தொடர்பு முனைகளின் அழுக்கை நீக்கும் ஸ்ப்ரே) அடித்து முன்னும் பின்னுமாகத் தள்ளத் தள்ள, கரகரப்பு போயே போச்சு. வால்யூம் குமிழுக்கும் அதே வைத்தியம்.

மிச்சமிருந்த இரைச்சல் ரேடியோவுடையதே அல்ல. எல்இடி பல்பும் போன் சார்ஜரும் செய்த வேலை. அணைத்ததும் 31 மீட்டர் பேண்ட் (9400 முதல் 9900 கிலோஹெர்ட்ஸ்) இருட்டியபின் நன்றாகவே கேட்கிறது.

புது டிஎஸ்பி ரேடியோவோடு (சிக்னலை டிஜிட்டல் சிப்பால் கையாளும் வகை) ஒப்பிடச் சொன்னவருக்கு: தூரத்து நிலையங்களைப் பிடிப்பதில் புதுசு சளைத்ததல்ல. ஆனால் பல மாடல்கள், அலைவரிசை ஒவ்வொரு படியாக மாறும்போதெல்லாம் சட்டென்று வாயடைத்துவிடும். பழைய குமிழில் ஒரு நிலையம் விசிலடித்துத் தேயும்போதே அடுத்தது மேலெழும். எனக்கு அதுதான் போதை. 1985-ல் வந்த சோனி ஐசிஎஃப்-2001டி என்ற சிற்றலை ரேடியோவைப் பலர் இன்றும் தேடி அலைவது வேறு காரணத்துக்கு: சிக்னல் ஏறி இறங்கும்போது வரும் சிதைவை அதிலுள்ள சின்க்ரோனஸ் டிடெக்டர் என்ற சுற்று வெகுவாகக் குறைக்கும். என்னுடையதில் அது கிடையாது.

டயல் விளக்கு மட்டும் இன்னும் எரியவில்லை. பழைய குண்டு பல்புக்குப் பதில் எல்இடி போட்டவர்கள் யாராவது இருந்தால், எந்த ரெசிஸ்டர் வைத்தீர்கள் என்று சொல்லுங்கள்.