லங்காஸ்டர்னா மட்டும் ஏன் இவ்ளோ கிறுக்கு? (சண்டைக்கு ரெடியா வாங்க)

ஸ்ப்ரூசாமி:
ரொம்ப நாளா மனசுல இருந்தது, இன்னைக்கு கொட்டிடறேன். இந்த வருஷம் நம்ம "நாலு எஞ்சின்" குரூப் பில்டுக்கு (ஒரே தலைப்புல எல்லாரும் பிளாஸ்டிக் விமான மாடல் ஒட்டுறது) பேர் குடுத்தவங்க 9 பேர். அதுல 6 பேர் லங்காஸ்டர், ரெண்டாம் உலகப் போர்ல பிரிட்டன் ஓட்டின குண்டு விமானம். அந்த ஆறுல நாலு பேர் ஜெர்மனில அணை உடைச்ச வெர்ஷன். செக்கு மாடு கூட அப்பப்ப திசை மாறும்யா. அதே போர்ல பறந்த ஹாலிஃபாக்ஸ் யாரும் தொடல, ஸ்டர்லிங் யாரும் தொடல, லிபரேட்டர் ஒரே ஒரு ஆளு, அதுவும் நாந்தான்.

இத்தனைக்கும் லிபரேட்டர் நம்ம ஏர்ஃபோர்ஸ்ல 1968 வரைக்கும் இருந்த விமானம். போர் முடிஞ்சு ஆர்.ஏ.எஃப்.காரன் (பிரிட்டிஷ் ஏர்ஃபோர்ஸ்) கான்பூர்ல இனி தேறாதுன்னு கழிச்சுப் போட்டுட்டுப் போனத பெங்களூர் எச்.ஏ.எல். ஆளுங்க ஒண்ணு ஒண்ணா பொறுக்கி சரி பண்ணி நாப்பதுக்கு மேல பறக்க விட்டாங்க. பிரிட்டன் ஆர்.ஏ.எஃப். மியூசியத்துல நிக்கிற லிபரேட்டரும் கனடா ஒட்டாவா மியூசியத்துல நிக்கிறதும் நம்ம ஆளுங்க ஓட்டிட்டு குடுத்தது. இத வச்சு ஒருத்தனுக்காவது ஒரு கிட் ஒட்டணும்னு தோணிச்சா?

மெர்லின்72:
அண்ணே, கதை நல்லாருக்கு, ஆனா லிபரேட்டர் கூட்ஸ் வண்டிக்கு றெக்கை வச்ச மாதிரி இருக்கு, அதுக்கு நான் என்ன பண்ண 😄

லங்காஸ்டர் சும்மா வரல. மொதல்ல மான்செஸ்டர்னு ரெண்டு வல்ச்சர் எஞ்சின் வச்சு ஒண்ணு செஞ்சாங்க, அந்த எஞ்சின் காலை வாரிக்கிட்டே இருந்துச்சு, டிசைனர் ராய் சாட்விக் என்ன பண்ணாரு, அதே உடம்ப வச்சுக்கிட்டு றெக்கைய நீட்டி நாலு மெர்லின் எஞ்சின் மாட்டினாரு, 1941 ஜனவரி 9 மொத தடவ பறந்துச்சு, அப்புறம் 7,377 விமானம் கட்டினாங்க. வயித்துக்கு அடியில 33 அடிக்கு நடுவுல ஒரு தடுப்பு கூட இல்லாத பாம் பே, அதாவது குண்டு வைக்கிற அறை. அதனாலதான் 12,000 பவுண்டு டால்பாய் குண்டு, கடைசில 22,000 பவுண்டு கிராண்ட் ஸ்லாம் வரைக்கும் தூக்குச்சு. உங்க லிபரேட்டர் தூக்குமா?

கோவை_ஏர்பிரஷ்:
நீங்க ரெண்டு பேரும் வரலாறு பேசுங்க. எனக்கு பிரச்சன எடம். 102 அடி றெக்கை, அப்போ 72ல (72ல ஒரு பங்கு சைஸ்) 43 சென்டிமீட்டர், 48ல 65, 32ல கிட்டத்தட்ட ஒரு மீட்டர். 48 ஒண்ணு முடிச்சேன், பீரோ மேல ஏறிடுச்சு, வீட்டுல "அந்த பொணத்த எப்ப எறக்குவ"ன்னு கேக்குறாங்க.

அப்புறம் எல்லாரும் அடிக்கிற கருப்பு. அடி வயிறு, சைடு ரெண்டும் மேட் கருப்புன்னு டப்பாவ தொறந்து அப்படியே அடிக்காதீங்கய்யா. சுத்த கருப்பு அடிச்சா அதுக்கு மேல வாஷ் (பள்ளத்துல ஓட விடுற தண்ணிப் பெயிண்ட்) தெரியாது பேனல் லைன் (தகடு சேர்ற கோடு) தெரியாது, தார் டின்ல முக்கி எடுத்த மாதிரி இருக்கும், கருஞ்சாம்பல்ல ஆரம்பிச்சு மேடு பள்ளத்துக்கு ஏத்த மாதிரி திட்டுத் திட்டா ஏத்துங்க, எக்ஸாஸ்ட் கறை மட்டும் றெக்கை மேல பின்னாடி வரைக்கும் இழுங்க, அதுவும் ஒரே கலர்ல வேணாம்.

மெர்லின்72:
@கோவை அந்த 48 டாமியா கம்பெனி கிட்டா? 1970கள்ல வந்த பழசா? அதுல கோடெல்லாம் மேல எழும்பி இருக்குமே, தேச்சுட்டு புதுசா ஸ்க்ரைப் பண்ணீங்களா (கோடு கீறினீங்களா)?

கோவை_ஏர்பிரஷ்:
பண்ணல. இப்ப வர்ற 32 ஸ்கேல்ல தகரம் நெளிஞ்ச மாதிரி போட்டா ஒரு கூட்டம் "ஓவர்"னு கத்துது, பழசுல கோடு எழும்பி இருந்தா இன்னொரு கூட்டம் கத்துது. இன்னைக்கும் பிரிட்டன்ல பறக்குற பிஏ474 லங்காஸ்டர் போட்டோவ சாய்ஞ்ச வெயில்ல எடுத்தத பாருங்க, சைடு பூரா நெளிசல்தான். வழவழன்னு கார் கதவு மாதிரி இருந்ததே இல்ல அது.

ராத்திரிவானம்:
நெளிசல் பத்தி இவ்ளோ பேசறீங்க. அது யார் தலை மேல பறந்துச்சுன்னு ஒருத்தரும் பேசல. அணை உடைச்ச வெர்ஷன் நாலு பேர் செய்றீங்களே, 1943 மே 16 ராத்திரி 19 விமானம் போச்சு, 8 திரும்பல, 53 பேர் செத்தாங்க, இது உங்க எல்லாருக்கும் மனப்பாடம். மோனே அணை தண்ணில கீழ ஆயிரத்துக்கு மேல செத்தாங்களே, அதுல நெறைய பேர் ஜெர்மனிக்காரங்களே இல்ல, நாஜிங்க கட்டாய வேலைக்கு இழுத்துட்டு வந்து கேம்ப்ல அடைச்சு வச்சிருந்த சோவியத் பொண்ணுங்க. அது எந்த டீகால் (மாடல் மேல ஒட்டுற சின்ன ஸ்டிக்கர்) ஷீட்ல வருது?

ஹாம்பர்க் 1943, டிரெஸ்டன் 1945. இந்த விமானத்தோட முக்கிய வேலையே ராத்திரில ஊரைக் கொளுத்துறது. நீங்க அதுக்கு எக்ஸாஸ்ட் கறை கரெக்டா வந்துச்சான்னு பாக்கறீங்க.

மெர்லின்72:
அக்கா, போன மாசம் இதே எடத்துல ஒருத்தர் டைகர் டாங்கி போட்டாரு, நீங்களும் லைக் போட்டீங்க. ஜெர்மன் டாங்கிக்கு ஒரு நியாயம், லங்காஸ்டருக்கு ஒரு நியாயமா? நான் குண்டு விழுந்தத கொண்டாடல. பாம்பர் கமாண்ட்ல (ஆர்.ஏ.எஃப். குண்டு விமானப் பிரிவு) கிட்டத்தட்ட 1,25,000 பேர் பறந்தாங்க, 55,573 பேர் செத்தாங்க. பாதிக்கு கொஞ்சம் கம்மி. இருபது இருபத்திரெண்டு வயசுப் பசங்க. அவங்களுக்காகத்தான் ஒட்றேன்.

ராத்திரிவானம்:
டைகருக்கு லைக் போட்டது உண்மை, அதுக்கு என்னை திட்டிக்கோ.

ஆனா பசங்களுக்காக ஒட்றேன்னியே, அதுல ஒண்ணு கேக்கறேன். உன் கிட்ல மூக்குக்கு அடியில தப்பிச்சு குதிக்கிற ஹேட்ச் இருக்கே, பாத்திருக்கியா? ஃப்ரீமேன் டைசன், பின்னாடி பெரிய இயற்பியல் ஆளு, போர் நேரத்துல சின்னப் பையனா பாம்பர் கமாண்ட்ல கணக்கு போடுற வேலை. அடிபட்டு விழுற ஹாலிஃபாக்ஸ்ல நூத்துக்கு 25 பேர் உசுரோட வெளிய வர்றாங்க, லங்காஸ்டர்ல 15 பேர்தான். தேடிப் பாத்தா அந்த ஹேட்ச் ஹாலிஃபாக்ஸ்ல 24 இஞ்ச் அகலம், லங்காஸ்டர்ல 22. பாராசூட் மாட்டிக்கிட்டு இருட்டுல, சுத்திக்கிட்டே விழுற விமானத்துல அது வழியா நுழையணும். இத பெருசாக்க சொல்லி சண்டை போட்டுப் பாத்தாங்க, போர் முடியறதுக்குள்ள பெருசா ஒண்ணும் நடக்கல.

அந்த ரெண்டு இஞ்ச் உன் 72ல முக்கா மில்லிமீட்டர் கூட வராது.

ஸ்ப்ரூசாமி:
அப்பவே சொன்னேன் ஹாலிஃபாக்ஸ் செய்யுங்கடான்னு!! 😂

சரி சரி, சிரிக்கிற விஷயம் இல்ல.

மெர்லின்72:
அந்த 15 கணக்கு எனக்கும் தெரியும். ஆனா ஆரம்பத்துல வந்த ஹாலிஃபாக்ஸ் லங்காஸ்டர் அளவுக்கு உயரம் ஏறாது, கீழ பறந்து நெறைய அடி வாங்குச்சு. விழுந்தப்புறம் தப்பிக்கிறதா, விழாமயே வீடு வர்றதா? அதுல பறந்த ஏழு பேர்கிட்ட கேட்டா என்ன சொல்லியிருப்பாங்க?

ராத்திரிவானம்:
அவங்ககிட்ட யாரும் கேக்கல, அதுதானே விஷயம்.

யாழ்_பிசின்:
வணக்கம். நான் கனநாள் வாசிக்கிறனான், எழுதிறது குறைவு. ரொறொன்ரோவில இருக்கிறன். இப்ப பியர்சன் எயார்போட் இருக்கிற மோல்ற்றன்ல தான் போர் நேரம் 430 லங்காஸ்ரர் கட்டினவை. அதில ஒண்டு இப்பவும் ஹமில்ரன்ல பறக்குது. உலகத்தில பறக்கிறது ரெண்டே ரெண்டு, மற்றது தம்பி சொன்ன பிஏ474.

நான் முதன்முதல் அதைப் பாக்கப் போகேக்க என்ர மகனுக்கு ஏழு வயசு. நாலு எஞ்சினும் ஸ்ரார்ட் ஆகிற சத்தம் நெஞ்சுக்குள்ள வந்து இருக்கும், சனம் எல்லாம் கைதட்டுது, மகனும் துள்ளுறான். என்ர கை மட்டும் அவன்ர தலையைப் பிடிச்சு கீழ அமத்துது. நான் நினைச்சுச் செய்யேல்ல. 1990ல யாழ்ப்பாணத்தில பங்கருக்குள்ள அம்மா என்ர தலையைப் பிடிச்ச அதே பிடி. அண்டைக்கு மேல சுத்தினதையும் எங்கட ஆக்கள் "அவ்ரோ" எண்டுதான் சொல்லுவினம். லங்காஸ்ரர் செய்த அதே அவ்ரோ கம்பனிதான், விமானம் 748. கம்பனியில பிழை சொல்லேல்ல, அவை அதைப் பயணிகளுக்கெண்டு செய்தவை. ஆனா மொடல் பெட்டியில அந்தப் பேரை வாசிக்கேக்க எனக்கு முதல் வாறது பெட்றோல் மணம் இல்ல, மண் மணம்.

எண்டாலும் நான் லங்காஸ்ரர் ஒட்டிறன். இப்ப மேசையில இருக்கிறது மினார்ஸ்கி எண்ட கனடாப் பெடியன்ர விமானம். 1944 யூன், எரிஞ்சுகொண்டிருக்கிற விமானத்தில பின் ரரெற்றுக்குள்ள (துவக்குக் கூண்டு) மாட்டுப்பட்ட கூட்டாளி ப்ரோபியை எடுக்க, குதிக்கப் போனவன் நெருப்புக்குள்ளால தவண்டு திரும்பிப் போனவன். எடுக்க ஏலாமப் போச்சு. உடுப்பும் பாராசூட்டும் எரிய எரிய குதிச்சு அவன் செத்துப்போனான், உள்ள மாட்டுப்பட்டவன் விமானம் விழுந்தும் தப்பிட்டான். மற்ற எல்லாரும் தப்பினவை. ஹமில்ரன்ல பறக்கிறதுக்கு அவன்ர ஞாபகமாத்தான் பேர்.

தங்கச்சி ராத்திரிவானம் சொல்லுறது எனக்கு விளங்குது, தம்பி மெர்லின் சொல்லுறதும் விளங்குது. எனக்கு ரெண்டும் ஒரே மேசையில தான் கிடக்கு.

கோவை_ஏர்பிரஷ்:
அண்ணா, படிச்சுட்டு கொஞ்ச நேரம் போன கீழ வச்சுட்டேன்.

ராத்திரிவானம்:
அண்ணா 🙏 ஒண்ணே ஒண்ணு. அந்த விமானத்துல ஹேட்ச் தொறந்த மாதிரி வைக்கிறீங்களா?

யாழ்_பிசின்:
ஓம். கிட்டில மூடின மாதிரித்தான் வருது. பின்னால இருந்து பிளேட்டால கொஞ்சம் கொஞ்சமா மெலிசாக்கி, பிறகு ஊசியால ஓட்டை போட்டு வெட்டவேணும். அவசரப்பட்டா மூக்கு வெடிச்சிடும், எனக்கு ஒருக்கா வெடிச்சது. 72ல அகலம் 7.8 மில்லிமீட்டர், அதுக்கு மேல போகாதேங்கோ.

மெர்லின்72:
நான் மூடித்தான் ஒட்டுவேன். பறக்குற மாதிரி ஸ்டாண்டுல வைக்கப் போறேன், தொறந்து வச்சா அது விழுற விமானம் ஆயிடும். ஆனா வெட்டுறது எப்படின்னு போட்டோ போடுங்கண்ணே.

@ஸ்ப்ரூசாமி உங்க லிபரேட்டருக்கு இந்தியன் ஏர்ஃபோர்ஸ் டீகால் எங்க புடிச்சீங்க?

ஸ்ப்ரூசாமி:
புடிக்கல. வட்டத்த கம்பாஸ் கட்டர்ல மாஸ்க் வெட்டி கையாலயே அடிக்கிறேன், மூணு தடவ பச்சை கசிஞ்சிடுச்சு. ஏன், ஒனக்கு வேணுமா?

மெர்லின்72:
சும்மா கேட்டேன்.