பழைய ராட் பிரேக் சைக்கிள்: மிதிச்சா ‘டக்’குங்குது, காட்டர் பின் அசைய மாட்டேங்குது, உதவுங்க

இரவல்ஸ்பேனர்:
எல்லாருக்கும் வணக்கம். பெரியப்பா ஓட்டின சைக்கிள், ரொம்ப வருஷமா மாடிப்படிக்கு அடியில கிடந்தது இப்ப என் கைக்கு வந்திருக்கு. ராட் பிரேக் (கேபிளுக்குப் பதிலா இரும்புக் கம்பியில இயங்குறது), 28 இன்ச் சக்கரம், பின்னாடி ஸ்டர்மி ஆர்ச்சர் மூணு கியர் ஹப். துடைச்சு எண்ணெய் விட்டு காத்தடிச்சு ஓட்டிப் பாத்தேன், நல்லாத்தான் போகுது, ஆனா ஒவ்வொரு மிதிக்கும் இடது பக்கம் ‘டக்’னு ஒரு சத்தம், காலுக்கே தெரியுது. பெடல் அச்சைத் தாங்குற இரும்புக் குண்டுங்க, அதான் பால்ஸ், போயிருக்கும்னு நினைச்சு கால் இன்ச் பால்ஸ் பக்கத்துக்கு 11 வீதம் 22 வாங்கி வச்சுட்டேன். அதைப் போட கிராங்கை (பெடல் மாட்டியிருக்குற கை) கழட்டணும், கிராங்க் வரணும்னா அதை அச்சோட பிடிச்சு வச்சிருக்குற ஆப்பு, அதான் காட்டர் பின், வரணும், அதான் வரமாட்டேங்குது. நட்டைக் கழட்டிட்டு சுத்தியல்ல நாலு போடு போட்டேன், பின்னோட புரி நசுங்கி காளான் மாதிரி ஆயிடுச்சு, இப்ப நட்டு திரும்ப ஏறவும் மாட்டேங்குது. வலது பக்க கப்பும் (பால்ஸ் உக்கார்ற கிண்ணம்) திரும்பல, பைப் மாட்டி இடப்பக்கமா திருகிப் பாத்துட்டேன்.

இன்னொண்ணு, எல்லாம் சரியானதும் 700 சைஸ் சக்கரம் போட்டு கொஞ்சம் மாடர்னா பண்ணலாம்னு ஆசை. முடியுமா?

மூணாங்கியர்:
முதல்ல சுத்தியலைக் கீழ வைங்க தம்பி 🙂 பால்ஸ்தான்னு எப்படி முடிவு பண்ணீங்க? ஒரு சின்ன டெஸ்ட். ரெண்டு கிராங்கும் தரைக்குப் படுக்கையா வர மாதிரி வச்சு, வலது பெடலை ஒருத்தரைப் பிடிக்கச் சொல்லிட்டு இடது பெடலை உள்ளங்கையால மேலயும் கீழயும் அழுத்துங்க, கண்ணை கிராங்கும் அச்சும் சேர்ற இடத்துல வைங்க. அச்சு அசையாம கிராங்க் மட்டும் அசைஞ்சா காட்டர்தான். கிராங்கைப் பக்கவாட்டுல ஆட்டும்போது அச்சோட சேர்ந்து ஆடினா கப்பு, பால்ஸ் பக்கம் பாக்கணும்.

அப்புறம் அந்த வலது கப்பு இடது புரி, வழக்கத்துக்கு எதிர்ப்பக்கமா திருகினாதான் கழலும். நீங்க பைப் மாட்டித் திருகினது இறுக்கினதுதான்.

இரவல்ஸ்பேனர்:
அய்யோ. அரை மணி நேரம் இறுக்கியிருக்கேன்.

டெஸ்ட் பண்ணிட்டேன் அண்ணா, அச்சு அப்படியே நிக்குது, கிராங்க் மட்டும் நூலளவு ஆடுது.

துருப்பிடிச்சவன்:
அப்ப காட்டர்தான். வலது கப்பைத் தொடாதீங்க, அது உள்ள இருந்தபடியே துணி விட்டுத் துடைச்சா போதும், குழி விழுந்திருந்தா மட்டும் கழட்டணும்.

பின் வராததுக்குக் காரணம், நீங்க அடிக்கிற அடி பின்னுக்குப் போகாம சக்கரம், டயர்னு எல்லாத்துலயும் கரைஞ்சு போறது, மிச்சம் பால்ஸ் மேல விழுந்து கப்புல தழும்பு போடுறது. கிராங்குக்குக் கீழ, பின்னோட தலை இருக்குற இடத்துல ஒரு இரும்பு பைப்பைச் செங்குத்தா முட்டுக் கொடுங்க, தலை பைப்போட ஓட்டைக்குள்ள இறங்கணும், பைப்போட மறுமுனை தரையில ஊணி நிக்கணும். முந்தின நாள் ராத்திரியே துரு இளக்குற எண்ணெய் விட்டுடுங்க. நசுங்கின புரியை அரத்தால ராவி கிராங்க் ஓட்டைக்குள்ள போற அளவுக்கு ஒல்லியாக்குங்க, இல்லன்னா பாதியில சிக்கும். அப்புறம் கனமான சுத்தியலால நேரா ஒரே அடி. பத்து தட்டு தட்டுறதுதான் பின்னை வளைக்கும்.

பெரிய வைஸ் இருந்தா அது இன்னும் நல்லது, தலைப் பக்கம் ஒரு பாக்ஸ் ஸ்பேனர் சாக்கெட், புரிப் பக்கம் வைஸோட தாடை, மெதுவா நெருக்கினா துப்பாக்கி வெடிச்ச மாதிரி சத்தத்தோட வெளிய வரும். பயப்படாதீங்க. எதுக்கும் மசியலன்னா நடுவுல டிரில் போடலாம், அது கடைசி வழி.

பளபளா:
அப்படியே எல்லாத்தையும் கழட்டி பெயின்ட்டைச் சுரண்டிட்டு பவுடர் கோட்டிங் அடிச்சுடுங்க ப்ரோ, புதுசு மாதிரி ஆயிடும்.

துருப்பிடிச்சவன்:
ஒரு தடவை அடிச்சுட்டா பழைய கோடும் ஸ்டிக்கரும் திரும்ப வராது. நான் ஒண்ணை அப்படி அடிச்சுட்டு இன்னைக்கு வரைக்கும் நொந்துக்கறேன். குரோமியத்துல இருக்குற துருவுக்கு ஆக்ஸாலிக் ஆசிட் கரைசல்ல ஊறப் போட்டாலே போதும், கையுறை கட்டாயம், எடுத்ததும் நல்லா கழுவிக் காய வைங்க.

மூணாங்கியர்:
700 பத்தி: உங்க பழைய 28 இன்ச் ரிம்ல டயர் உக்கார்ற விட்டம் 635 மி.மீ, ராட் பிரேக்னா பெரும்பாலும் அதுதான், டயர் பக்கத்துலயே போட்டிருக்கும் பாருங்க. 700க்கு 622. ஆரத்துல ஆறரை மி.மீ தான் வித்தியாசம், ஃபோர்க்குக்குள்ள தாராளமா போகும். சிக்கல் பிரேக்ல. ராட் பிரேக் கட்டை ரிம்மோட பக்கத்தைப் பிடிக்காது, ஸ்போக் பக்கத்துல இருந்து மேல இழுத்துப் பிடிக்கும், அதுக்கு ஏத்த வளைவு புது ரிம்ல இருக்காது. சக்கரத்தை மாத்தினா பிரேக்கை மொத்தமா மாத்தணும். புது பி.பி. (அச்சு, கப்பு, பால்ஸ் சேர்ந்த செட்) போடுற யோசனை இருந்தா அதுக்கு முன்னாடி புரியை அளந்துடுங்க, இப்ப வர்றது இன்ச்சுக்கு 24 புரி, பழைய ராலே வண்டிகள்ல 26, ஏறவே ஏறாது. அந்த ஹப்பை மட்டும் தூக்கிப் போட்டுடாதீங்க, அழுக்கைத் துடைச்சுப் பாருங்க, மேல வருஷம் குத்தியிருக்கும்.

இரவல்ஸ்பேனர்:
வந்துடுச்சு!! பைப் முட்டு, ஒரே அடி. பின்னைக் கையில எடுத்துப் பாத்தா சரிவான முகத்துல நகத்தால தடவினாலே தெரியுற மாதிரி ஒரு படி விழுந்திருக்கு, அங்கதான் இவ்வளவு நாளும் டக்கடிச்சிருக்கு. விட்டம் அளந்தேன், 9.5 மி.மீ. எதுக்கும் இருக்கட்டும்னு வலது பக்கமும் கழட்டி ரெண்டுக்குமே புதுசு போட்டேன், பால்ஸும் கிரீஸும் மாத்தியாச்சு. ஹப்புல 62ன்னு இருக்கு. ஆனா இப்ப புதுக் கூத்து, ரெண்டு கிராங்கும் ஒரே நேர்க்கோட்டுல இல்ல! வலது 12 மணியில இருந்தா இடது அஞ்சே முக்கால் பக்கம் நிக்குது. அச்சு முறுக்கிடுச்சா?

துருப்பிடிச்சவன்:
அச்சுக்கு ஒண்ணும் ஆகல, ஒரு பின்னைத் திருப்பிப் போட்டிருக்கீங்க. வலது கிராங்கை உச்சிக்குக் கொண்டு வந்து நட்டு முன்னாடி பாக்குதா பின்னாடி பாக்குதான்னு பாருங்க. அடுத்து இடதை உச்சிக்குக் கொண்டு வாங்க, அதுவும் அதே பக்கம் பாக்கணும். போடும்போது சரிவு முகத்துல கொஞ்சம் நீலம் (எங்க படுதுன்னு காட்டுற சாயம்) தடவி ஏத்தி இறக்கிப் பாருங்க, எங்க மட்டும் படுதோ அங்க அரத்தால லேசா ராவுங்க, ரெண்டு பக்கமும் ஒரே அளவு. அப்புறம் நட்டை முறுக்கிப் பின்னை இழுக்காதீங்க, அடிச்சு உக்கார வச்சுட்டு நட்டைச் சும்மா பிடிக்க விடணும், இழுத்தா புரிதான் போகும்.

இரவல்ஸ்பேனர்:
இடதுதான் தலைகீழ் அண்ணா. திருப்பிப் போட்டேன், நேரா நிக்குது. நேத்தும் இன்னைக்கும் ஓட்டினேன், டக் சத்தம் சுத்தமா இல்ல. வந்து திரும்ப ஒரு தட்டு தட்டி நட்டைப் பாத்தேன், கால் சுத்து இறங்குச்சு. சக்கரம் மாத்துற யோசனையை விட்டுட்டேன், 635லயே டயர் தேடுறேன். இப்ப பின் மட்கார்டு கடகடங்குது, இவ்வளவு நாளும் அது கேக்கவே இல்ல.

மூணாங்கியர்:
மட்கார்டு கம்பியோட நட்டுக்கு நடுவுல ஒரு லெதர் வாஷர் போடுங்க. நாளைக்கும் ஒரு தடவை காட்டர் நட்டைப் பாத்துடுங்க.